ஓடையில் மீன் வந்திருக்கிறது

ஒன்ராறியோ மாகாணத்தில் ஆரம்பப் பாடசாலைகள் தொழிலாளர் தினத்துக்கு மறுநாள் திறக்கும். செப்டெம்பரின் முதல் நாட்கள். வெயிலில் இன்னும் சூடு இருக்கும். பிள்ளைகள் அரைக்காற்சட்டையோடு வருவார்கள். நாட்காட்டியிலும் கோடை முடிய இரண்டு கிழமை கிடக்கும். ஆனாலும் வகுப்பறைக்குள் அன்றைக்கே இலையுதிர்காலம் தொடங்கிவிடும். ஸ்காபரோவின் கிழக்குப் பக்கம், ஹைலண்ட் ஓடைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு பாடசாலையில் நான் இரண்டாம் வகுப்புப் படிப்பித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கி ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அதே வகுப்புத்தான். அதற்கு முன்னர் வடமராட்சியில் படிப்பித்தவள். அங்கே பள்ளி ஆண்டு தை மாதத்தில் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை என்றால் மாரி மழையும் ஆண்டிறுதிச் சோதனையும். பருவகாலமே பாடத்தில் பாதி என்பதை இந்த நாட்டுக்கு வந்துதான் அறிந்தேன்.

காலையில் வரவு பதிந்து முடிந்ததும் பிள்ளைகள் தரைவிரிப்பில் வட்டமாக இருப்பார்கள். என் பக்கத்தில் ஒரு தாங்கி; அதில் கோடு போட்ட பெரிய கடதாசி. மேலே ‘இன்றைய செய்தி’ என்று எழுதியிருக்கும். அதன் கீழே திகதி, வெளியே எத்தனை பாகை என்ற கணக்கு, பிறகு இரண்டோ மூன்றோ பிள்ளைகள் சொல்லும் செய்தி. அவர்கள் சொல்லச் சொல்ல நான் தடித்த பேனையால் எழுதுவேன். எழுதி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். ஒரு பிள்ளை எழுந்து வந்து முற்றுப்புள்ளிகளை வட்டமிடும். இன்னொரு பிள்ளை புதிய சொல்லுக்குக் கீழே கோடு போடும். இங்கே எத்தனையோ ஆசிரியர்கள் செய்கிற வேலைதான் இது. நான் சேர்த்தது ஒரேயொரு விதி. செய்தி சொல்கிற பிள்ளை அதைத் தானே கண்டிருக்க வேண்டும், கேட்டிருக்க வேண்டும், அல்லது தொட்டிருக்க வேண்டும். தொலைக்காட்சியில் வந்தது செய்தியில் சேராது. அண்ணா சொன்னதும் சேராது.

விதிக்குக் காரணம் என் வகுப்புத்தான். யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு, மணிலா, கராச்சி, காபூல், கயானா, ஜமெய்க்கா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள். இங்கேயே பிறந்து வாய் ஓயாமல் கதைக்கிறவர்களும் இருந்தார்கள், ஓகஸ்டில் விமானத்தால் இறங்கி செப்டெம்பரில் என் முன்னால் இருந்தவர்களும் இருந்தார்கள். விதி இல்லாவிட்டால் ஆங்கிலம் தெரிந்த நாலு பிள்ளைகள் இரவு பார்த்த கார்ட்டூன் கதையைச் சொல்லிக் காலையை முடித்துவிடுவார்கள். கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும் என்றால் நிலைமை மாறும். மொழி இல்லாத பிள்ளை ஒரு இலையைக் கொண்டுவந்து நீட்டலாம். கைகளை விரித்துக் காட்டலாம். படம் கீறலாம். ஏழு வயதுப் பிள்ளை கண்ட ஒன்றை வளர்ந்த ஒருவர் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரையும் போட்டால், அன்றைக்கே அது அந்த வகுப்பில் குடியேறிவிடும். இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

ஆண்டின் முதல் செய்திகளில் ஒன்று எப்போதும் புழுவாக இருக்கும். விளையாட்டுத் திடலின் வேலியோரம் மில்க்வீட் செடிகள் வளர்ந்து நின்றன. இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்த இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரியோடு மொனாக் வண்ணத்துப்பூச்சியின் புழு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு செப்டெம்பரில் பருத்தித்துறையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மம்மா பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து வகுப்பு வாசலில் விடும்போது, நான் போத்தலுக்குள் வைத்திருந்த செடியைக் கண்டுவிட்டு நின்றார்.

“ரீச்சர், இது எங்கட எருக்கலைச் சாதியெல்லோ?”

அவர் சொன்னது சரி. மில்க்வீட்டும் எருக்கலையும் ஒரே குடும்பம். எங்கள் ஊர் எருக்கலையில் முட்டையிடுகிற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் மொனாக்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் செடியின் நச்சுப் பாலை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் குருவிகள் அவற்றைத் தின்னத் தயங்கும். அம்மம்மாவை உள்ளே வரச்சொல்லி, பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கதிரையில் இருத்தினோம். தன் வீட்டுப் படலைக்குப் பக்கத்து எருக்கலையில் இப்படியொரு வரிப்புழுவைச் சிறு வயதில் கண்டதை அவர் தமிழில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைய செய்திக்குக் கீழே அவருடைய பெயரையும் எழுதினேன். பேத்தி அந்தப் பெயரைத் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

புழு போத்தலின் மூடியில் தலைகீழாகத் தொங்கி, தோலை உரித்து, பச்சைக் கூட்டுப்புழுவாகும். அதன் மேல் தங்கப் புள்ளிகள் இருக்கும். ஏறத்தாழ இரண்டு கிழமையில் பச்சை மறைந்து உள்ளே இருக்கும் செட்டை தெரியத் தொடங்கும். வெளியே வந்தவுடன் செட்டை சுருங்கி ஈரமாக இருக்கும். அது விரிந்து காய்கிறவரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். கணித பாடத்தை நிறுத்திவிட்டு அதைப் பார்த்த காலைகளுக்காக நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

மொனாக் எங்கே போகிறது என்பது ஸ்காபரோவுக்குச் சொந்தமான கதை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் விலங்கியல் படிப்பித்த ஃபிரெட் ஏர்கட், தன் மனைவி நோராவோடு சேர்ந்து, பல பத்தாண்டுகளாக வண்ணத்துப்பூச்சிகளின் செட்டையில் சின்னஞ்சிறு கடதாசிச் சிட்டைகளை ஒட்டிப் பறக்கவிட்டார். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் அவர்களுக்காகச் சிட்டை ஒட்டினார்கள். 1975 ஜனவரியில் கென் புரூகர், கத்தலினா அகுவாடோ இருவரும் மெக்சிக்கோவின் உயர்ந்த மலைக்காட்டில் மரங்களையே மூடிக்கொண்டிருந்த மொனாக் கூட்டத்தைக் கண்டுபிடித்து ஏர்கட்டுக்கு அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஏர்கட் தானே அந்த மலைக்கு ஏறிப் போனார். பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழ, நிலத்தில் விழுந்த பூச்சிகளுக்குள் வெள்ளைச் சிட்டை ஒட்டிய ஒன்று கிடந்தது. மினசோட்டா மாநிலத்தின் சாஸ்கா என்ற ஊரில் ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் 1975 ஓகஸ்டில் ஒட்டிய சிட்டை அது.

இந்த இடத்தில் வகுப்பு மூச்சுவிட மறந்துவிடும். இரண்டு பள்ளிக்கூடப் பொடியன்கள்! ஒரு பையன் தன் கொப்பியின் மூலையைக் கிழித்து, எங்கள் பாடசாலையின் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் எழுதி, பசையோடு கொண்டுவந்து நின்றான். அந்தக் கடதாசியின் பாரத்தோடு பூச்சி பறக்காது என்று நிறுத்துக் காட்டித்தான் அவனை இருத்தினேன். இங்கிருந்து போகிற பூச்சி திரும்பி இங்கே வராது, வசந்தத்தில் புறப்படுகிற அது வழியில் முட்டையிட்டுச் செத்துப்போகும், அதன் வழிவந்தவைதான் ஒன்ராறியோவுக்கு வந்து சேரும் என்றபோது பலர் அதை ஏற்க மறுத்தார்கள். “வழி ஆர் சொல்லிக் குடுக்கிறது?” என்று அதே பருத்தித்துறைப் பேத்தி கேட்டாள். சூரியனைப் பார்த்துத் திசை பிடிக்கிறது, அதற்கான மணிக்கூடு அதன் உணர்கொம்பில் இருக்கிறது என்று பிந்திய ஆண்டுகளில் என்னால் பதில் சொல்ல முடிந்தது. அவள் கேட்ட ஆண்டில் அந்த ஆய்வு வெளிவந்திருக்கவில்லை.

செப்டெம்பர் கடைசியில் ரெறி ஃபொக்ஸ் ஓட்டம். கனடாவில் இதை அறியாத பிள்ளை இல்லை. எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த இளைஞன், செயற்கைக் காலோடு 1980 ஏப்ரல் 12ஆம் திகதி நியூஃபவுண்லாந்திலிருந்து நாட்டைக் குறுக்கே ஓடத் தொடங்கி, புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்த்தான். நாளுக்கு ஏறத்தாழ ஒரு மரதன் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஒன்ராறியோவின் தண்டர் பே அருகே நிறுத்தினான். அடுத்த ஆண்டு ஜூனில், இருபத்துமூன்று வயதாக ஒரு மாதம் இருக்கையில், இறந்துபோனான். பிள்ளைகள் இரண்டு டொலர் குற்றியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திடலைச் சுற்றி ஓடுவார்கள்.

ஓட்டத்துக்கு முதல் நாள் அவனுடைய படத்தைக் காட்டினேன். முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு பையன், அதுவரை வாய் திறக்காதவன், எழுந்து வந்து படத்தில் செயற்கைக் காலின் இணைப்பைத் தொட்டான். “என்ர மாமாவுக்கும் இப்பிடித்தான். மிதிவெடி. அவர் சைக்கிள் ஓடுவார்” என்றான் தமிழில். நான் எழுதினேன். மற்றப் பிள்ளைகளுக்கு மிதிவெடி என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் அதைவிட அதிகமாகக் கேட்டது சைக்கிளைப் பற்றி. எந்தக் காலால் மிதிப்பார், மேட்டில் எப்படி ஏறுவார், விழுந்தால் எப்படி எழும்புவார். அவன் ஒவ்வொன்றுக்கும் நடித்துக் காட்டினான். மறுநாள் எல்லோரும் சட்டையில் ‘ரெறி’ என்று எழுதிய சிட்டை குத்திக்கொண்டு ஓட, அவன் ரெறியின் பெயருக்குக் கீழே மாமாவின் பெயரையும் எழுதிக்கொண்டு ஓடினான்.

இலைகள் ஒக்டோபர் நடுவில் முழுதாக மாறும். முதலில் சிவப்பு மேப்பிள், பிறகு சர்க்கரை மேப்பிள், எல்லாவற்றுக்கும் பிந்தி வீதியோரத்து நோர்வே மேப்பிள், ஓக். பிள்ளைகள் பை நிறைய இலை பொறுக்கி வருவார்கள். கடதாசிக்குக் கீழே இலையை வைத்து, உறை உரித்த கிறேயோனைக் கிடையாகப் பிடித்துத் தேய்த்தால் நரம்பு ஒவ்வொன்றும் எழும்பி வரும். மெழுகுக் கடதாசி இரண்டுக்கு நடுவில் இலையை வைத்து மின்னழுத்தியால் தேய்த்து யன்னலில் ஒட்டுவோம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. பச்சை இலையைச் சின்னதாகக் கிழித்து, மருந்துக்கடையில் வாங்கும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, கோப்பி வடிகட்டும் கடதாசியில் ஒரு துண்டை அதற்குள் தொங்கவிட வேண்டும். மத்தியானம் ஆனதும் கடதாசியில் பச்சைக் கோடு ஒன்றும், அதற்கு மேலே மஞ்சள் கோடு ஒன்றும் ஏறி நிற்கும். பச்சை இலைக்குள் மஞ்சள் முதலிலேயே இருந்தது. பகல் குறுகி, மரம் பச்சையத்தைப் புதுப்பிக்காமல் விட்டதும் அது வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து, பகல் வெயிலும் இரவுக் குளிருமாக இருக்கும் நாட்களில், மரம் அதைப் புதிதாகச் செய்கிறது.

கொழும்பிலிருந்து கோடையில் வந்த ஒரு பெண்பிள்ளைக்கு இதெல்லாம் பொருட்டாகவே இல்லை. யன்னலுக்கு வெளியே நின்ற மேப்பிள் ஒரே கிழமையில் மொட்டையானதைக் கண்டு அவள் அழுதாள். “மரம் செத்துப்போச்சு, ரீச்சர்.” வாயால் சொல்லித் தேற்றினால் அவள் நம்பியிருக்க மாட்டாள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்து, இலைக் காம்பு கழன்ற இடத்தைக் காட்டினேன். காயம் இல்லை, மரம் தானே அடைத்துவிட்ட ஒரு சின்னத் தழும்பு. அந்தத் தழும்புக்கு நேர் மேலே கூர்மையான ஒரு மொட்டு, செதில்கள் இறுக மூடியபடி. அடுத்த ஆண்டு இலை அதற்குள் இருக்கிறது. இலை விழுந்தபிறகு வந்த மொட்டல்ல, கோடையிலேயே செய்து வைத்தது. அவள் மொட்டுகளை எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடியவில்லை. ‘மரத்தில் அடுத்த வருச இலை ஆயத்தமாக இருக்கிறது’ என்பது மறுநாள் அவளுடைய செய்தி.

நன்றி நவிலும் நாள் கனடாவில் ஒக்டோபரின் இரண்டாவது திங்கள். அதற்கு முதல் கிழமை பல வகுப்புகளில் கடதாசி வான்கோழி செய்வார்கள். ஒரே அச்சில் வெட்டிய இருபத்தைந்து வான்கோழி, ஒரே இடத்தில் ஒட்டிய இருபத்தைந்து கண். எனக்கு அதில் விருப்பமே இருந்ததில்லை. ஆசிரியை முன்கூட்டியே வெட்டி வைத்ததை ஒட்டுவதில் பிள்ளை காண்பதற்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கூடை மக்கின்ரோஷ் அப்பிள் வாங்குவேன். 1811இல் ஜோன் மக்கின்ரோஷ் என்ற விவசாயி கிழக்கு ஒன்ராறியோவில் தன் காணியைத் துப்புரவாக்கும்போது கண்டெடுத்த கன்றிலிருந்து வந்த இனம். நெடுக்காக வெட்டாமல் குறுக்காக வெட்டினால் உள்ளே ஐந்து முனை நட்சத்திரம் இருக்கும். அதைக் கண்ட பிள்ளை வீட்டில் அப்பிள் வெட்டுகிறவரைச் சும்மா விடாது.

இனி ஓடைக்கு வருகிறேன்.

குருநகரிலிருந்து வந்த ஒரு பையன். தகப்பன், பாட்டன் எல்லோரும் கடற்றொழிலாளர்கள். செப்டெம்பர் முழுக்க அவன் தரைவிரிப்பின் ஓரத்தில், சுவரோடு முதுகை ஒட்டியபடி இருந்தான். கேட்டால் தலையாட்டுவான். கீறச் சொன்னால் மீன் கீறுவான். வாலும் செட்டையும் கண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருக்கும். ஒக்டோபர் தொடக்கத்தில், இரண்டு நாள் மழைக்குப் பிந்திய ஒரு திங்கட்கிழமை, மேலங்கியைக் கழற்றாமலே ஓடிவந்து என் சட்டைக் கையைப் பிடித்தான்.

“ரீச்சர், ஓடையில மீன் வந்திருக்கு. பெரிய மீன். ஆற்றுக்குள்ள நிக்குது.”

“எவ்வளவு பெரிசு?”

கைகளை விரித்தான். போதவில்லை என்று தரையில் படுத்து, தலையிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை காட்டினான். வகுப்பு நம்பவில்லை. அந்த ஓடையை எல்லோருக்கும் தெரியும். கோடையில் கல்லுக்குக் கல் பாய்ந்து கடக்கலாம், முழங்கால் நனையாது. ஒருத்தி எழுந்து, அங்கே அவ்வளவு பெரிய மீன் நிற்கத் தண்ணீர் காணாது என்று காரணத்தோடு மறுத்தாள். நல்ல காரணம்தான். ஆனாலும் அவன் கண்ணால் கண்டவன். ‘ஹைலண்ட் ஓடையில் பெரிய மீன்கள் இருக்கின்றன’ என்று எழுதி, அவன் பெயரைப் போட்டேன். பெற்றோரின் அனுமதிக் கடிதங்கள் அன்றே பைகளில் போயின. மீன் எங்களுக்காகக் காத்திருக்காது.

அந்தக் கிழமையே போனோம். பையனின் தகப்பனும் துணைக்கு வந்தார். இரவு முழுக்க ஒரு தொழிற்சாலையில் நின்றுவிட்டு நித்திரை கொள்ளாமல் வந்திருந்தார். ஓடையைப் பிள்ளைகளுக்கு முதலில் காணத் தெரியவில்லை; வெறும் தண்ணீர் என்றார்கள். அவர்தான் கரையில் குந்தியிருந்து, “பெரிய கல்லுக்குப் பின்னால பாருங்கோ. அங்க இழுவை குறைவு. இளைப்பாறுற மீன் அங்கதான் நிக்கும்” என்றார். நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க முன்னரே ஒரு முதுகு தண்ணீருக்கு வெளியே எழும்பியது. பிறகு எங்கே பார்த்தாலும் மீன்.

சினூக் சால்மன். பத்துக் கிலோவுக்கு மேலும் வளரும். மூன்று நான்கு ஆண்டு ஒன்ராறியோ ஏரியில் இரை தின்று வளர்ந்து, இலையுதிர்காலத்தில் ஓடைகளுக்குள் ஏறும். ஏறத் தொடங்கியபின் தின்னாது. பெண் மீன் பக்கவாட்டில் சரிந்து வாலால் அடித்துச் சரளைக் கல்லுக்குள் பள்ளம் தோண்டி முட்டையிடுவதையும், கொக்கி போல வளைந்த தாடையோடு ஆண் மீன்கள் ஒன்றையொன்று துரத்துவதையும் கண்டோம். வாலெல்லாம் கிழிந்து, தோலில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. இவை பசிபிக் கடலின் மீன்கள். 1960களின் பிற்பகுதி முதல் இந்த ஏரியில் விடப்பட்டவை. ஏரிக்குச் சொந்தமாக இருந்த அத்திலாந்திக் சால்மன், அணைகளாலும் காடழிப்பாலும் அளவுக்கு மிஞ்சிய பிடிப்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே இங்கே அழிந்துபோயிற்று. அவற்றைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி இப்போதும் நடக்கிறது.

வளைவுக்கு அப்பால் நாற்றம் வந்தது. கரையில் செத்த மீன்கள். கடற்பறவைகள் கண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன. சில பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள், ஒரு பிள்ளை அழுதது. திரும்பிப் போகலாமா என்று துணைக்கு வந்த ஒரு தாய் என்னைக் கேட்டார். நான் போகவில்லை. சினூக் ஒரே முறைதான் முட்டையிடும், அதன்பின் சாகும் என்று சொன்னேன். செத்த உடம்பைப் பறவையும் ரக்கூனும் நீர்ப்பூச்சியும் தின்னும். வசந்தத்தில் பொரிக்கிற குஞ்சுகள் அந்த நீர்ப்பூச்சிகளைத் தின்னும். பிள்ளைகளால் தாங்க முடியாதது சாவு என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். காரணம் சொல்லப்படாத சாவைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை என்பது என் அனுபவம்.

“இந்தக் குஞ்சுகள் எப்ப திரும்பி வரும்?” என்று பையன் கேட்டான். விரல் விட்டு எண்ணினோம். அவர்கள் ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ இருக்கும்போது. அதையும் எழுதினேன்.

அதற்குப் பிறகு அவன் சுவரோரம் இருக்கவில்லை. மீனைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் வகுப்பு அவன் பக்கம் திரும்பியது. பதில் சொல்வதற்காகவே அவன் ஆங்கிலம் பிடித்தான். ஐந்தாம் வகுப்பில், மேல்மாடியில் படிக்கும்போது, ஒரு ஒக்டோபர் காலையில் என் வகுப்புக் கதவைத் தட்டிவிட்டுத் தலையை மட்டும் நீட்டினான். உயர்ந்துவிட்டான், குரலும் மாறத் தொடங்கியிருந்தது. “வந்திட்டுது, ரீச்சர்” என்றான். என் புதிய பிள்ளைகளிடம் அவனையே சொல்லச் சொன்னேன். அன்றைய செய்தி மேல்வகுப்பிலிருந்து வந்தது.

மாதக் கடைசியில் இந்தச் செய்திகளைத் தொகுத்து ஒரு பக்கத்தில் அச்சடித்து வீட்டுக்கு அனுப்புவேன். கீழே சில வரி தமிழில் கையால் எழுதுவேன். இரவு வேலை செய்யும் பெற்றோர் பலர் பிள்ளைகளை விழித்திருக்கும் நேரத்தில் காண்பதே அரிது. “இந்தக் கடதாசியைப் பாத்துத்தான் இவள் பகலில என்ன செய்யிறாள் எண்டு எனக்குத் தெரியும்” என்று ஒரு தகப்பன் சொன்னார். குளிரூட்டியின் கதவில் ஒட்டியிருப்பதாகவும் சொன்னார். பெற்றோர் சந்திப்பில் மதிப்பெண்களைப் பற்றிக் கேட்பதற்கு முன் மீனைப் பற்றிக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

ஒக்டோபர் கடைசிக்குப் பூசணிக்காய். சுற்றளவை நூலால் அளப்போம், நிறுப்போம், விதையைப் பத்துப் பத்தாகக் கூறு போட்டு எண்ணுவோம். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் தாழுமா மிதக்குமா என்று கேட்டால், தூக்கிப் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் தாழும் என்பார்கள். அது மிதக்கும். அந்தக் கூச்சல் அதிபரின் அறைவரை போகும். பேய் வேடம் சில வீடுகளுக்கு ஒத்துவராது. அன்றைக்குச் சில பிள்ளைகள் வரமாட்டார்கள். பூசணிக்காயை எண்ணுவதற்கு எல்லோரும் வந்தார்கள் என்பதால் நான் அதில்தான் கவனம் வைத்தேன்.

நவம்பரில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஐந்து மணிக்கே இருண்டுவிடும். பாடசாலைக்குள் சிவப்பு பொப்பிப் பூக்கள் வரும். நவம்பர் 11ஆம் திகதி காலை பதினொரு மணிக்கு, போரில் இறந்த படையினருக்காக நாடு முழுவதும் இரண்டு நிமிடம் அமைதி. பிள்ளைகள் ஜோன் மக்ரேயின் கவிதையை மனப்பாடமாகச் சொல்வார்கள். ரொறன்ரோவுக்கு மேற்கே குவெல்ஃப் நகரில் பிறந்த இராணுவ மருத்துவர் அவர். 1915 மே மாதம், பெல்ஜியப் போர்முனையில் நண்பனைப் புதைத்த பிறகு அதை எழுதினார். போர் முடியுமுன்னரே, 1918 ஜனவரியில், இறந்துபோனார்.

என் வகுப்பில் போர் பாடப்புத்தகத்தில் இருக்கவில்லை. தொழிலாளர் தினத்தை ஒட்டி ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஆண்டுதோறும் விமான சாகசக் காட்சி நடக்கும். வந்த புதிதில் அந்தச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒளித்த பிள்ளைகள் எனக்கு முன்னால் இருந்தார்கள். 2009க்குப் பிந்திய ஒரு நவம்பரில், வன்னியிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை அமைதி முடிந்ததும் கையுயர்த்தினாள். தான் கண்டதைச் சொல்லலாமா என்று கேட்டாள். சொல் என்றேன். நிலத்தில் வெட்டிய குழிக்குள் இருந்தோம், தம்பி அழுதான், அம்மா அவன் வாயைக் கையால் பொத்தினா. மூன்று வசனம். நான் எழுதினேன்.

அன்று பின்னேரம் பக்கத்து வகுப்பு ஆசிரியை அந்தக் கடதாசியைக் கண்டு நின்றார். மிகவும் நல்லவர், பிள்ளைகளில் உயிரை வைத்தவர். இரண்டாம் வகுப்புச் சுவரில் இது வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. செத்த மீனை எழுதினோம், மொட்டையான மரத்தை எழுதினோம், ரெறியின் காலை எழுதினோம். கண்ணால் கண்டதைச் சொல் என்று செப்டெம்பரில் கேட்டுவிட்டு, நவம்பரில் இவள் கண்டது மட்டும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வழமையாக எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் செய்தியை அன்று அவள் தனியே வாசித்தாள். முடிந்ததும் காபூலிலிருந்து வந்த ஒரு பையன் தங்கள் வீட்டு யன்னல் உடைந்ததைச் சொன்னான். இந்த ஊரிலேயே பிறந்த ஒருவன், தன் பூட்டனின் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்திருப்பதாகவும், அது குளிராக இருந்ததாகவும் சொன்னான். மூன்றும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. கவிதையை மண்டபத்தில் சொன்னபோது அந்தப் பிள்ளைகளின் குரலில் முதல் நாள் ஒத்திகையில் இல்லாத கவனம் இருந்தது.

நாட்காட்டிப்படி இலையுதிர்காலம் டிசெம்பர் 21 அளவில்தான் முடியும். ரொறன்ரோவில் முதல் பனி பெரும்பாலும் அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே வந்துவிடும். அது வந்த காலையில் செய்திக்குக் கையுயர்த்தாத பிள்ளை இருக்காது. எல்லோரும் கண்ணால் கண்டிருந்தார்கள், கையால் தொட்டிருந்தார்கள், பலர் நாக்கிலும் ஏந்தியிருந்தார்கள். ‘பனி கொட்டியது’ என்று ஒரே வரி எழுதி, அதற்குக் கீழே வகுப்பில் எல்லோருடைய பெயரையும் எழுதினேன். கடதாசி போதாமல் பின்பக்கத்துக்கும் போயிற்று. தங்கள் பெயர் வரும்வரை ஒருவரும் அசையவில்லை. வந்ததும் எழுந்து ஓடினார்கள்; காற்சட்டை, சப்பாத்து, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டி அவர்களை வெளியே அனுப்ப இடைவேளை மணியும் அடித்துவிட்டது.